தண்ணீரைத் தொடாமல் வெப்பநிலை: லேசர் கருவி தவறாகக் காட்டும்போது எங்கே பார்ப்பது

தண்ணீருக்குள் தெர்மாமீட்டரை விடாமல், எட்ட நின்று லேசரைப் பாய்ச்சி அதன் வெப்பநிலையை அறிய முடியும். முடியும் என்றுதான் சொல்கிறேன், எளிது என்று சொல்லவில்லை. கிண்டியில் ஒரு சிறிய பட்டறையில் ஒளியியல் கருவிகளைப் பழுது பார்ப்பது என் பிழைப்பு. பொங்கல் முடிந்ததும் இறுதியாண்டு மாணவர்கள் இப்படி அளக்கும் கருவி வைத்த அட்டைப்பெட்டியோடு வந்து நிற்பார்கள். எல்லாரும் சொல்லும் முதல் வாக்கியம் ஒன்றுதான்: "நேற்று வரை சரியாகக் காட்டியது சார்." அந்தப் பெட்டிகளில் நான் திரும்பத் திரும்பக் கண்ட கோளாறுகளை, அறிகுறியை வைத்துத் தேடும் வகையில் இங்கே எழுதுகிறேன்.

முதலில் அடிப்படை. 532 நானோமீட்டர் பச்சை லேசரைத் தண்ணீரில் விட்டால் அதில் மிகச் சிறு பகுதி நிறம் மாறிச் சிவப்பாகச் சிதறும். இதுதான் ராமன் சிதறல். மெரினாவுக்கு எதிரே இருக்கும் மாநிலக் கல்லூரியில் படித்த சி.வி. ராமன், 1921-இல் கப்பல் பயணத்தில் கடலின் நீலத்தைப் பார்த்து யோசிக்கத் தொடங்கி 1928-இல் கண்டுபிடித்த அதே சிதறல். தண்ணீரில் இது 630 முதல் 665 நானோமீட்டர் வரை ஒரு அகலமான மேடு போலத் தெரியும். நீர் மூலக்கூறுகள் ஹைட்ரஜன் பிணைப்பால் ஒன்றையொன்று இறுகப் பிடித்திருந்தால் மேட்டின் இடது தோள், அதாவது 640 பக்கம், உயரும். சூடு ஏறினால் பிடி தளரும். இடது தோள் தாழ்ந்து, 655 பக்கம் உள்ள வலது தோள் உயரும். இரண்டு வடிகட்டிகளை வைத்து இரண்டு தோள்களையும் தனித்தனியே எண்ணி, 655-ஐ 640-ஆல் வகுத்தால் வெப்பநிலைக்கான விகிதம் வந்துவிடும்.

இந்த விகிதம் ஒரு டிகிரிக்குச் சுமார் ஒரு சதவீதம்தான் மாறும். உங்கள் தொல்லைகள் அனைத்துக்கும் வேர் இந்த ஒரு சதவீதம். கருவிக்கு வெப்பநிலை என்றால் என்னவென்றே தெரியாது. இரண்டு சிவப்புகளில் எது எவ்வளவு என்று மட்டுமே தெரியும். அந்த இரண்டில் ஒன்றை மட்டும் ஒரு சதவீதம் கூட்டவோ குறைக்கவோ செய்யும் எதுவும், அது தூசியோ, கோணமோ, பாசியோ, அதன் கணக்கில் ஒரு டிகிரி ஆகிவிடும். ஆகவே எண் தவறினால் "லேசர் போய்விட்டதா?" என்று கேட்காதீர்கள். "இரண்டு நிறங்களையும் சமமாகப் பாதிக்காத எது புதிதாக நடந்தது?" என்று கேளுங்கள்.

கையில் எடுக்கும் முன் ஒரு எச்சரிக்கை. இத்தகைய வேலைக்குப் பயன்படும் லேசர்கள் பெரும்பாலும் 3பி வகுப்பைச் சேர்ந்தவை, அதாவது கற்றை கண்ணில் பட்டால் பார்வையைக் கெடுக்கக்கூடியவை. தண்ணீர் ஒரு கண்ணாடி. அலை அடிக்கும்போது கற்றை எந்தப் பக்கம் தெறிக்கும் என்று யாரும் சொல்ல முடியாது. 532-க்கு உரிய பாதுகாப்புக் கண்ணாடி இல்லாமல் மூடியைத் திறக்க வேண்டாம். மலிவான பச்சை லேசர்களில் 808, 1064 நானோமீட்டர் அகச்சிவப்பும் கண்ணுக்குத் தெரியாமல் கசியும். பச்சையை மட்டும் தடுக்கும் கண்ணாடி அதைத் தடுக்காமல் போகலாம்.

சிவப்புப் புள்ளி தண்ணீரில் விழுகிறது, ஆனால் எண் இரண்டு டிகிரி குறைவு

உங்கள் கையில் இருப்பது துப்பாக்கி வடிவத் தெர்மாமீட்டர் என்றால், நான் மேலே எழுதியது எதுவும் உங்களுக்குப் பொருந்தாது. அந்தச் சிவப்பு லேசர் எதையும் அளப்பதில்லை. எங்கே குறி வைத்திருக்கிறீர்கள் என்று காட்ட மட்டுமே அது இருக்கிறது. அளப்பது பொருளிலிருந்து தானாக வெளிவரும் அகச்சிவப்புக் கதிரை.

அந்தக் கதிர் தண்ணீரின் மேல்தோலிலிருந்து மட்டுமே வரும். ஒரு மில்லிமீட்டரின் நூறில் ஒரு பங்கு அளவு ஆழம், அவ்வளவுதான். நீர் ஆவியாகும்போது அந்தத் தோல் அடியில் உள்ள தண்ணீரைவிடச் சற்றுக் குளிர்ந்திருக்கும். திறந்த மாடித் தொட்டியில், மேகமில்லாத மாலையில் அளந்தால் குளிர்ந்த வானத்தின் பிரதிபலிப்பும் சேர்ந்து எண்ணை இன்னும் கீழே இழுக்கும். தண்ணீரை நன்றாகக் கலக்கிவிட்டு, செங்குத்துக்கு அருகிலிருந்து அளந்து பாருங்கள். வித்தியாசம் பாதியாகக் குறைந்தால் கருவியில் கோளாறு இல்லை. கருவியின் உடலில் 12:1 (தூரத்துக்கும் பார்க்கும் வட்டத்தின் அகலத்துக்கும் உள்ள விகிதம்) என்று அச்சிட்டிருந்தால் 1.2 மீட்டர் தூரத்தில் அது பார்ப்பது 10 சென்டிமீட்டர் வட்டத்தை. புள்ளி தண்ணீரில் விழுந்தாலும் வட்டத்தின் பாதி எவர்சில்வர் விளிம்பில் கிடக்கும். கண்ணாடித் தொட்டிக்கு வெளியே நின்று சுட்டால் கண்ணாடியின் வெப்பநிலைதான் வரும். இந்தக் கருவியைப் பற்றி இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

வெந்நீருக்கும் ஐஸ் தண்ணீருக்கும் ஏறக்குறைய ஒரே எண்

விகிதம் நகர்கிறது, ஆனால் சோம்பலாக நகர்கிறது. 10 டிகிரியிலிருந்து 45 டிகிரிக்குப் போனால் 30 சதவீதத்துக்கு மேல் மாற வேண்டியது, ஏழு எட்டு சதவீதத்தோடு நின்றுவிடுகிறது. இதற்குப் பொருள்: நீங்கள் எண்ணுவதில் பெரும்பகுதி ராமன் ஒளியே அல்ல.

அளவுகளை ஒப்பிட்டால் புரியும். ஒரு சென்டிமீட்டர் தண்ணீரைக் கடக்கும் பச்சை ஃபோட்டான்களில் (ஒளித் துகள்களில்) பத்து லட்சத்துக்கு ஓரிரண்டுதான் ராமன் சிவப்பாக மாறும். அதுவும் எல்லாத் திசைகளிலும் சிதறி, உங்கள் லென்ஸுக்கு ஒரு கீற்று மட்டுமே வரும். ஆனால் தண்ணீரின் மேற்பரப்பில் நேராக விழும் பச்சை ஒளியில் 2 சதவீதம் அப்படியே திரும்பி வருகிறது. யானையின் காலடியில் எறும்பின் சத்தத்தைக் கேட்பது போன்ற வேலை. பச்சையைப் பத்து லட்சத்தில் ஒன்றாகக் குறைக்கும் தடுப்பு வடிகட்டி இல்லாவிட்டால், அல்லது அதன் விளிம்பைச் சுற்றி ஒளி கசிந்தால், பச்சை இரண்டு எண்ணிகளிலும் (ஃபோட்டான்களை எண்ணும் உணர்கருவிகளிலும்) ஒரு மாறாத பங்கைச் சேர்த்துவிடும். மாறாத பங்கு கூடக் கூட விகிதம் மரத்துப்போகும்.

சோதனை: தண்ணீரை எடுத்துவிட்டு அதே இடத்தில், அதே தூரத்தில் மங்கலான வெறும் அலுமினியத் தகட்டை வையுங்கள். இரண்டு எண்ணிகளும் இருட்டில் காட்டும் அளவுக்கு இறங்க வேண்டும். இறங்கவில்லை என்றால் கசிவு உறுதி. வடிகட்டியைச் சுற்றிக் கருப்பு டேப் ஒட்டி மீண்டும் பாருங்கள். இந்தச் சோதனைக்கு வெள்ளைத் தாளையோ நிறப் பிளாஸ்டிக்கையோ வைக்காதீர்கள். அவையே சிவப்பாக ஒளிரக்கூடும்.

கசிவு இல்லை, ஆனாலும் எண்ணிக்கை இறங்கவில்லையா? ஆரஞ்சு நிறக் கண்ணாடியைத் தடுப்பாகப் போட்டிருக்கிறீர்களா என்று பாருங்கள். நிறக் கண்ணாடி வடிகட்டிகளுக்கு ஒரு கெட்ட குணம் உண்டு: பச்சையை விழுங்கிவிட்டுத் தாமே மங்கலாகச் சிவப்பை உமிழும். முதலில் குறுக்கீட்டு வடிகட்டி (பச்சையை விழுங்காமல் திருப்பி அனுப்பும் மெல்லிய பூச்சுகள் கொண்டது), பிறகு நிறக் கண்ணாடி என்ற வரிசையில் வைத்தால் இந்தத் தொல்லை பெருமளவு ஓய்ந்துவிடும்.

வாளிக் கதையையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஒரு பெண் கொண்டுவந்த கருவி கண்ணாடிக் குவளையில் ஒழுங்காகக் காட்டியது. வீட்டு வாளியில் மூன்று டிகிரி தவறியது. அரை நாள் மின்சுற்றை நோண்டினேன். கடைசியில் கற்றை போகும் வழியைக் குனிந்து, பாதுகாப்புக் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். பச்சை முழுவதும் மறைந்துபோன அந்தக் கண்ணாடியில் எதுவும் தெரியக் கூடாது. ஆனால் வாளியின் அடியில், லேசர் விழும் இடத்தில், தணல் போல ஒரு ஆரஞ்சு வட்டம் எரிந்துகொண்டிருந்தது. சிவப்புப் பிளாஸ்டிக் வாளி. அவள் அம்மாவுடைய பழைய எவர்சில்வர் அண்டாவின் அடியில் கருப்புத் தகடு ஒன்றைப் போட்டு அளந்ததும் தவறு காணாமல் போனது.

காலையில் முதல் அரைமணி நேரம் எண் ஊர்ந்துகொண்டே போகிறது

சென்னையில் இதற்கு முதல் காரணம் ஏசி. 22 டிகிரி அறையில் இரவெல்லாம் இருந்த கருவியைக் காலை ஏழு மணிக்கு வெளியே எடுக்கிறீர்கள். காற்றின் ஈரம் துளியாகப் படியும் வெப்பநிலை இங்கே பல மாதங்கள் 24, 25 டிகிரியில் நிற்கும். குளிர்ந்த லென்ஸின் மீது உடனே மூச்சு விட்டது போல மூட்டம் படரும். துடைத்தால் மறுபடி படரும். உள்ளே வடிகட்டியின் மீதும் படரும், அதைத் துடைக்க முடியாது. துளிகள் ஒளியைச் சாய்த்து அனுப்புவதால் வடிகட்டியில் அது விழும் கோணம் மாறுகிறது, எண் ஊர்கிறது. கருவியைப் பிளாஸ்டிக் பையில் கட்டி வெளியே எடுத்துப்போய், தொட்டால் சில்லிப்புத் தெரியாத வரை பையைத் திறக்காமல் வையுங்கள். பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம் இருக்கட்டும். நிறம் மாறினால் மாற்றுங்கள்.

மூட்டம் இல்லாமலும் ஊர்ந்தால் லேசரைச் சந்தேகப்படலாம். பச்சை லேசரின் உள்ளே 808 நானோமீட்டர் டயோடு ஒன்று படிகத்தைத் தூண்டுகிறது. டயோடு சூடானால் அதன் அலைநீளம் நகர்ந்து, படிகம் அதைச் சரியாக விழுங்காமல், பச்சையின் திறன் ஏறி இறங்கும். விகிதம் எடுப்பதால் திறன் மாற்றம் அடிபட்டுப்போக வேண்டும். எண்ணிகள் இரண்டும் ஒரே நேரத்தில் எண்ணினால் அடிபடும். ஒரே உணர்கருவியின் முன்னால் வடிகட்டிகளை மாற்றி மாற்றி வைக்கும் வகை என்றால் அடிபடாது. 640-ஐ எண்ணிய நொடியில் இருந்த லேசர் 655-ஐ எண்ணும் நொடியில் இல்லை. அப்படிப்பட்ட கருவிக்கு லேசரை 20 நிமிடம் எரியவிட்ட பிறகே அளக்கத் தொடங்க வேண்டும்.

கேன் தண்ணீரில் சரி, ஏரித் தண்ணீரில் தவறு

இந்தப் புகாரோடு வருபவர்களே அதிகம். இதைத்தான் நிதானமாகப் பார்க்க வேண்டும்.

கேன் தண்ணீரில் கரைந்த கரிமப் பொருள் மிகக் குறைவு. ஏரியில் மக்கிய இலையும் வேரும் கசிந்து தேநீர் போன்ற லேசான பழுப்பைத் தருகின்றன. பச்சை லேசர் பட்டதும் அந்தப் பழுப்பு அகலமாக, மஞ்சளிலிருந்து சிவப்பு வரை ஒளிரும். ராமன் மேடு அந்த ஒளிர்வின் முதுகில் ஏறி நிற்கும். ஒளிர்வு சிவப்பை நோக்கிச் சரிந்துகொண்டே போவதால் 640-இல் கூடுதலாகவும் 655-இல் குறைவாகவும் விழும். பெரும்பாலும் தண்ணீர் உண்மையைவிடக் குளிர்ந்ததாகத் தெரியும். மழைக்குப் பிறகு சுற்றுவட்டார ஓடைகளின் நீர் கலந்த ஏரியில் இது கண்கூடு.

பாசி இருந்தால் கதை தலைகீழ். பச்சையம் 685 நானோமீட்டரை உச்சமாகக் கொண்டு ஒளிரும். அந்த உச்சத்தின் வால் 655-க்குள் நீளும்; தண்ணீர் சூடாகத் தெரியும். நீலப்பச்சைப் பாசி இன்னும் மோசம். அதன் நிறமி ஒளிர்வது 650-ஐ ஒட்டியே, அதாவது நம் மேட்டின் நடுவிலேயே. கோயில் குளத்தில் பெயின்ட் கொட்டியது போல மேலே ஆடை படர்ந்திருந்தால், அன்றைக்கு அளக்காமல் திரும்பிவிடுவது நல்லது. நான் திரும்பியிருக்கிறேன்.

மற்ற தண்ணீருக்கு வழி உண்டு. ராமன் மேடு தொடங்குவதற்கு முன்னால், 620 நானோமீட்டரில், மூன்றாவது வடிகட்டி ஒன்றைப் போடுங்கள். அங்கே ராமன் ஒளி கிடையாது, வருவதெல்லாம் ஒளிர்வு. அந்த அளவை ஒரு சரிவு விகிதத்தால் பெருக்கி 640-இலிருந்தும் 655-இலிருந்தும் கழிக்க வேண்டும். சரிவு விகிதத்தை எங்கிருந்து பெறுவது? அதே ஏரித் தண்ணீரை ஒரு பாட்டிலில் பிடித்து வந்து, தெர்மாமீட்டரால் அதன் உண்மையான வெப்பநிலையை அறிந்து, கழித்த பிறகு அந்த எண் வரும்படி சரிவைத் திருத்துங்கள். வேறு ஏரிக்குப் போனால் வேறு பாட்டில். ஒரே சரிவை எல்லா நீருக்கும் பயன்படுத்தலாம் என்று நினைப்பது, ஒரே கண்ணாடியை வீட்டில் எல்லாரும் போட்டுக்கொள்வதைப் போன்றது.

மூன்றாவது வடிகட்டிக்குப் பணமில்லாத மாணவர்களுக்கு ஒரு சிக்கன வழி. நுண்துளை வடிகட்டித் தாளால் வடிகட்டிய அதே தண்ணீரையும் வடிகட்டாத தண்ணீரையும் அடுத்தடுத்து அளந்து பாருங்கள். எண் மாறினால் குற்றவாளி பாசியும் மண்துகளும். மாறாவிட்டால் கரைந்திருக்கும் பழுப்பு. எது என்று தெரிந்தால் அறிக்கையிலாவது நேர்மையாக எழுதலாம்.

போர் தண்ணீரைப் பிடித்துவந்து "இதுவும் சுத்தம்தானே" என்று அளவுத்திருத்தம் (தெர்மாமீட்டர் காட்டும் வெப்பநிலைகளோடு விகிதத்தை ஒப்பிட்டுக் குறித்துக்கொள்வது) செய்யாதீர்கள். அதில் இரும்பு இருந்தால், பிடித்த கொஞ்ச நேரத்தில் துருவாகிப் பழுப்பேறும். நீங்கள் தேநீர் குடித்துவிட்டு வருவதற்குள் தண்ணீர் வேறாகிவிட்டிருக்கும்.

முகத்துவாரத்தில் ஒரு டிகிரி அதிகம், வடகிழக்குப் பருவமழையில் குறைந்துவிடுகிறது

உப்பு. கரைந்த உப்பின் அயனிகள் நீர் மூலக்கூறுகளின் பிடியைத் தளர்த்துகின்றன. ராமன் மேட்டில் அது சூடு ஏறியது போலவே தெரியும். நல்ல தண்ணீரில் திருத்திய கருவியை அடையாற்று முகத்துவாரத்துக்கோ முட்டுக்காட்டுக்கோ கொண்டுபோனால் அது வழக்கமாக அதிகமாகக் காட்டும். நவம்பரில் ஆற்றில் வெள்ளம் வந்து உப்பைத் தள்ளிவிட்டால், அந்த அதிகம் மறைந்து, "கருவி தானாகச் சரியாகிவிட்டது" என்று ஒரு மகிழ்ச்சியும் வரும். தானாகச் சரியாகும் கருவியை நான் இதுவரை பார்த்ததில்லை.

உப்பளவைத் தனியே அளந்து திருத்துங்கள். கடத்துதிறன் காட்டும் சிறிய பேனாக் கருவி போதும். அளவுத்திருத்தத்தின்போது கேன் தண்ணீரில் லிட்டருக்கு 0, 10, 20, 35 கிராம் கல்லுப்புக் கரைத்து, ஒரே வெப்பநிலையில் நான்கு விகிதங்களையும் குறித்துக்கொண்டால் திருத்த வரைபடம் கையில் இருக்கும். 35 என்பது ஏறக்குறைய திறந்த கடலின் உப்பளவு. கல்லுப்பில் அழுக்கு இருந்தால் கரைத்து வடிகட்டிய பிறகு பயன்படுத்துங்கள், இல்லாவிட்டால் மேலே சொன்ன ஒளிர்வுச் சிக்கலை நீங்களே வரவழைத்ததாகும்.

கற்றை ஆழமாகப் போனால் தண்ணீர் குளிர்கிறது

"அடியில் குளிர்ந்த அடுக்கு இருக்கிறது சார், கண்டுபிடித்துவிட்டோம்" என்று இரண்டு பேர் உற்சாகமாக வந்தார்கள். மொட்டை மாடியில் ஒரு மீட்டர் உயரத் தொட்டி. மேலே 31, அடியில் 25. அடியில் கைவிட்டால் சில்லென்று இருக்க வேண்டுமே என்று கேட்டேன். இல்லையாம்.

சிவப்பு ஒளியைத் தண்ணீர் விழுங்கும். எல்லாச் சிவப்பையும் ஒரே அளவில் விழுங்காது. தூய நீரில் உட்கவர்தல் எண் 640-இல் மீட்டருக்குச் சுமார் 0.31; 655-இல் சுமார் 0.37. வித்தியாசம் 0.06. அதாவது ராமன் ஒளி ஒரு மீட்டர் தண்ணீரைக் கடந்து மேலே வருவதற்குள் 655 பக்கம் 640-ஐவிட ஆறு சதவீதம் கூடுதலாக இழந்துவிடுகிறது. ஒரு சதவீதத்துக்கு ஒரு டிகிரி என்று கணக்குப் போடுங்கள்: ஆறு டிகிரி. 31-இலிருந்து 25. அவர்களுடைய குளிர்ந்த அடுக்கு அப்படியே விளங்கிவிட்டது.

சரிசெய்ய இரண்டு வழிகள். ஆழம் தெரிந்தால் ஒவ்வொரு நிறத்துக்கும் உரிய இழப்பைத் திருப்பிப் பெருக்கலாம். ஆழம் தெரிய வேண்டுமானால் துடிப்பு லேசர் வேண்டும். ஒளி நீரில் ஒரு மீட்டர் போய் ஒரு மீட்டர் திரும்ப எடுக்கும் நேரம் சுமார் 9 நானோவினாடி, அதை அளக்கும் மின்சுற்றும் வேண்டும். தொடர் லேசர் வைத்திருப்பவர்கள் லென்ஸின் குவியத்தை ஒரே ஆழத்தில் பூட்டிவிட்டு, அளவுத்திருத்தத்தையும் அதே ஆழத்தில் செய்வது எளிது. அலை அடிக்கும் இடத்தில் ஆழம் தானாகவே மாறும் என்பதை மறக்க வேண்டாம். 10 சென்டிமீட்டர் அலை உங்களுக்கு அரை டிகிரிக்கு மேல் ஆட்டம் தரும்.

இரண்டாவது வழி நீல லேசருக்கு மாறுவது. 473 நானோமீட்டர் லேசரின் ராமன் மேட்டில் இரு தோள்களும் 557, 568 அருகே, மஞ்சள் கலந்த பச்சையில் விழும். அங்கே தண்ணீரின் உட்கவர்தல் மிகக் குறைவு, இரு தோள்களுக்கிடையே உள்ள வேறுபாடும் பல மடங்கு குறைவு. ஆழம் பார்க்க வேண்டுமானால் நீலம்தான். ஆனால் நீலம் பழுப்பு நீரை இன்னும் பலமாக ஒளிரச் செய்யும். கடலுக்கு நீலம், ஆழமில்லாத தொட்டிக்குப் பச்சை, கலங்கிய ஏரிக்கு இரண்டில் எதுவும் நிம்மதி தராது என்பது என் அனுபவம்.

ஃபைபரைத் தொட்டால் எண் குதிக்கிறது

தொட்டதும் குதித்து, விட்டதும் பழைய இடத்துக்கே வராமல் வேறெங்கோ நிற்கிறதா? லேசரை ஃபைபர் வழியாக அனுப்புகிறீர்கள் என்றால் தளவிளைவு, அதாவது ஒளி ஒரே தளத்தில் அதிரும் தன்மை, மாறுகிறது. ஃபைபரை வளைத்தால் வெளிவரும் ஒளியின் அதிர்வுத் தளம் சுழலும். ராமன் மேட்டின் இரு தோள்களும் தளத்தை ஒரே மாதிரி காப்பாற்றுவதில்லை: 640 பக்கம் லேசரின் தளத்தைப் பெரும்பாலும் அப்படியே வைத்திருக்கும், 655 பக்கம் அதைவிட அதிகமாகக் கலைத்துவிடும். 45 டிகிரிச் சாய்வில் வைத்த நிறப்பிரிப்புக் கண்ணாடி ஒவ்வொரு தளத்தையும் வெவ்வேறு அளவில் கடத்தும். இரண்டும் சேர்ந்தால் ஃபைபரின் வளைவே உங்கள் தெர்மாமீட்டராகிவிடும். ஃபைபரின் முனையில், தண்ணீருக்கு முன்னால், ஒரு தளவிளைவுத் தகட்டை நிலையாகப் பொருத்துங்கள். திறன் ஏறி இறங்கும், ஆனால் விகிதம் அமைதியடையும்.

ஒளியைத் திரட்டும் ஃபைபரைத் தொட்டால் குதிக்கிறது என்றால் நோய் வேறு. அங்கே மாறுவது வடிகட்டியில் ஒளி விழும் கோணம். குறுக்கீட்டு வடிகட்டியைச் சாய்த்தால் அது கடத்தும் நிறம் நீலப் பக்கம் நகரும். 5 டிகிரிச் சாய்வுக்கு 650-இல் சுமார் அரை நானோமீட்டருக்கு மேல். 10 டிகிரிக்கு இரண்டரை நானோமீட்டர் அளவு. மேட்டின் சரிவில் உட்கார்ந்திருக்கும் வடிகட்டிக்கு அது பெரிய நகர்வு. ஃபைபரிலிருந்து வரும் ஒளியை இணைகற்றையாக்கி வடிகட்டியில் விடுங்கள். ஃபைபரைக் கேபிள் டையால் பலகையோடு கட்டிவிடுங்கள். இரண்டாவதை முதலில் செய்தாலே பாதிப் பிரச்சினை தீரும். அதற்கு ஆகும் செலவு ஐந்து ரூபாய்.

எண் ஒரு இடத்தில் நிற்காமல் நடுங்குகிறது

நடுக்கத்தின் தாளத்தைப் பாருங்கள். தாளமே இல்லாத நடுக்கம் என்றால் ஃபோட்டான் போதவில்லை. கணக்கு எளிது: இரண்டு எண்ணிகளிலும் 80,000 வீதம் எண்ணினால் விகிதத்தில் அரை சதவீதம், அதாவது அரை டிகிரி அளவு ஆட்டம் இயல்பாகவே இருக்கும். 0.1 டிகிரி வேண்டுமானால் இருபது லட்சம் வீதம் எண்ண வேண்டும். ஆட்டத்தை ஐந்தில் ஒன்றாக்க இருபத்தைந்து மடங்கு நேரம். இதில் குறுக்கு வழி இல்லை. சராசரி எடுத்து வரைபடத்தை வழவழப்பாக்கிக் காட்டுவது ஆசிரியரை ஏமாற்றலாம்.

அறையில் நடுங்கி வெளியே நடுங்காவிட்டால் டியூப் லைட்டை அணையுங்கள். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். விளக்குகள் நொடிக்கு நூறு முறை ஏறி இறங்கும். லேசரை வெட்டி வெட்டி அனுப்பும் கருவி என்றால் வெட்டும் வேகம் நூறின் மடங்காக இருக்கக் கூடாது. 237 போன்ற எண்ணாக வையுங்கள். வெயிலில் நடுங்கினால், லேசரை மூடி ஒரு அளவு, திறந்து ஒரு அளவு என்று எடுத்துக் கழியுங்கள். கடற்கரையில் மெதுவாக மோசமடையும் நடுக்கம் என்றால் முன்கண்ணாடியை நாக்கால் தொட்டுப் பாருங்கள் என்று விளையாட்டாகச் சொல்வேன், உப்புக் கரிக்கும். நல்ல தண்ணீரில் நனைத்த லென்ஸ் துணியால் துடைத்தால் போதும்.

லேசரைக் கூட்டினால் வெப்பநிலையும் மாறுகிறது

தண்ணீர் சூடாகிறது என்று நினைக்க வேண்டாம். பச்சையைத் தண்ணீர் மிகக் குறைவாகவே விழுங்கும். எண்ணிதான் திணறுகிறது. ஒரு ஃபோட்டானை எண்ணி முடிப்பதற்குள் இன்னொன்று வந்தால் அது கணக்கில் சேராது. அதிக ஒளி வரும் எண்ணி அதிகமாக இழக்கும், விகிதம் சாயும். லேசரின் முன்னால் சாம்பல் வடிகட்டியை வைத்துத் திறனைப் பாதியாக்குங்கள். விகிதம் மாறாத நிலை வரும்வரை குறைத்துக்கொண்டே வாருங்கள். அதுதான் உங்கள் கருவியின் எல்லை.

எல்லாம் சரி, அளவுத்திருத்தக் கோடு மட்டும் வளைந்திருக்கிறது

கடைசியாகத் தெர்மாமீட்டரையே பாருங்கள். யாரும் அதைச் சந்தேகப்படுவதில்லை.

குழாய்த் தண்ணீரைச் சூடாக்கினால் அதில் கரைந்திருக்கும் காற்று குமிழிகளாகக் கண்ணாடிச் சுவரில் ஒட்டும். 40 டிகிரிக்கு மேல் கோடு திடீரென வளைந்தால் குமிழிதான். முதல் நாளே கொதிக்கவைத்து, மூடி ஆறவைத்த தண்ணீரைப் பயன்படுத்துங்கள். குளிர்ப் பக்கத்துக்கு மீன் சந்தை ஐஸ் வேண்டாம், அதில் என்ன கரைந்திருக்கிறது என்று தெரியாது. பாத்திரத்தை வெளியிலிருந்து ஐஸால் குளிர்விக்கலாம். ஒவ்வொரு எண்ணையும் கலக்கிய பிறகே எடுக்க வேண்டும், ஏனென்றால் கலக்காத பாத்திரத்தில் மேலும் கீழும் இரண்டு டிகிரி வித்தியாசம் சாதாரணம்.

போன மாதம் வந்த பையனின் கோட்டில் வளைவு இல்லை, ஆனால் முழுக்கோடும் ஒன்றரை டிகிரி தள்ளி நின்றது. வடிகட்டி, ஃபைபர், உப்பு எல்லாம் பார்த்தாயிற்று. அவன் தெர்மாமீட்டரைப் பிடித்திருந்த இடத்தைப் பார்த்தேன். "லேசர் எங்கே அளக்கிறதோ அங்கேயே வைத்தால்தானே சார் சரியாக இருக்கும்" என்றான். கருப்பு உறை போட்ட உணரியின் நுனி, பச்சைக் கற்றையின் நடுவில் இருந்தது. ஒரு சென்டிமீட்டர் தள்ளி வைக்கச் சொன்னேன். நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே எண் 31.4-இலிருந்து 29.9-க்கு இறங்கி நின்றது.